கழுவிய போத்தல்

மகனே,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை பிரதி எடுத்திருக்கிறேன். ஒன்று உனக்கு. ஒன்று பண்டாரவளையில் இருக்கும் உன் வருங்கால மாமனாருக்கு. மூன்றாவதை நம் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தின் சுவரில் ஒட்டப் போகிறேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை விட்டு, மாலையில் கூட்டிப் போகும் இடம் அது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் இதை வாசிக்க வேண்டும். உனக்கு மட்டும் சொல்லி முடிக்கிற விஷயமாக இருந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன். உன் பெயர் கெட்டது ஊருக்கு முன்னால். அதைத் திருத்துவதை மட்டும் உன் காதோடு எப்படிச் செய்வது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் மாமனார் நம் வீட்டுக்கு வந்தார். நிச்சயம் பண்ணுவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லித்தான் வந்தார். ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் கண் கூரைத் தகரத்தையும் தண்ணீர்க் குடத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். என்னுடைய பார்வைதான் அது. அம்மா கொடுத்த தேத்தண்ணியைப் பாதி குடித்துவிட்டுக் கேட்டார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. பொண்ணக் குடுக்குற எடம், நாலு பேருகிட்ட விசாரிக்கத்தான் செய்வோம். தெமோதரையில ஒரு கடையில சொன்னாங்க. உங்க மகனோட மறதியால இந்தத் தோட்டத்துப் புள்ளைங்க ஈயம் கலந்த தண்ணிய குடிச்சிச்சுங்களாமே?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்ப அவன் வேலைக்குப் புதுசுங்க. இப்ப ரொம்பப் பொறுப்பாயிட்டான்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மீதித் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டுப் போனார். அப்படி நான் சொன்னதற்கு இரண்டு வாரம் முன்பே, அந்தப் பழியில் உனக்குத் துளி பங்கும் இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே சொன்னேன். இந்தக் கடிதம் அங்கேயிருந்துதான் தொடங்குகிறது.

நான் சந்தேகக்காரன். இது உனக்குப் புதிதல்ல. ஐந்தாம் வகுப்புப் புலமைப் பரிசில் பரீட்சையில் நீ பாஸ் என்று உன் ஆசிரியர் வீடு தேடி வந்து சொன்னபோது, அவரை உட்காரக்கூடச் சொல்லாமல் பாடசாலைக்கு நடந்து, ஒட்டியிருந்த தாளில் உன் இலக்கத்தைத் தேடிப் பார்த்தவன் நான். ஒருமுறைக்கு இரண்டு முறை பார்த்தேன். அந்த ஆசிரியர் அதன் பிறகு நம் வீட்டுப் படி ஏறவே இல்லை. கடையில் சீனியை நிறுக்கும்போது என் கண் சீனியில் இருக்காது, கடைக்காரர் விரலில் இருக்கும். உன் அம்மா சில நாள் சிரிப்பாள், சில நாள் பேசாமல் இருப்பாள். பேசாமல் இருந்த நாட்கள்தான் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் வந்ததற்குக் காரணம் இருந்தது. பல வருடம் பம்ப் அறையில் வேலை செய்தவன் நான். மலையிலிருந்து பீலியில் வந்துகொண்டிருந்த ஊற்று மண்சரிவில் மூடிப்போன பிறகு, கீழே ஓடிப் பதுளு ஓயா என்ற பெரிய ஆற்றில் விழும் நம் ஆற்றிலிருந்துதான், நம் வரிசை வீடுகளான லயங்களுக்குத் தண்ணீர் ஏற்றினோம். ஆற்றின் மேற்பக்கம், பாதையோரத்தில், பழைய வாகன பெட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை ஒன்று வந்தது. அதன் கழிவு வாய்க்கால் நேராக ஆற்றில் இறங்கியது. ஊர் சத்தம் போட்டதும் ஏதோ ஒரு அமைப்பின் ஆட்கள் வந்தார்கள். ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினார்கள், இது எல்லாவற்றையும் வடிகட்டும் என்றார்கள், பிள்ளைகள் கிளாஸில் தண்ணீர் குடிப்பதைப் படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். அப்புறம் ஒருவரும் வரவில்லை. ஒரு வருடம் கழித்து நானே ஸ்பானர் வைத்து அந்தப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே விரல் தடிப்புக்குச் சேறு. அதன் வழியாக வந்த தண்ணீரைத்தான் ஒரு வருடம் நம்பிக் குடித்திருக்கிறோம். அன்றைக்கு முடிவு செய்தேன், திறந்து பார்க்க ஆளில்லாத எதையும் இனி நம்புவதில்லை என்று.

அதற்குப் பிறகுதான் நீ பல்கலைக்கழகம் முடித்து, தண்ணீர் சுத்திகரிக்கும் திட்டம் நடத்தும் ஒரு நிறுவனத்தின் ஊழியனாக, நம் தோட்டத்துக்கே திரும்பி வந்தாய். பெருமையாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. நம் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தேயிலை சலித்த பிறகு ஒதுக்கும் கழிவுத் தூளை மூட்டை மூட்டையாக வாங்கினாய். மூடிய தகரப் பீப்பாயில் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கினாய். கழுவினாய், காயவைத்தாய், இரண்டு நீலப் பெரல்களில் மணலும் கரியும் அடுக்கடுக்காகப் போட்டு ஆற்றுத் தண்ணீரை அதன் வழியாக விட்டாய். "தேயிலைக் குப்பை ஈயத்தப் புடிக்குமாடா?" என்று நான் கேட்டேன். நீ சிரித்தாய்.

"புடிக்கும்ப்பா. கரிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டை எக்கச்சக்கமா இருக்கு. ஈயம் அந்த ஓட்டைச் செவுத்துல போய் ஒட்டிக்கும். இத புறத்துறிஞ்சல்னு சொல்வாங்க. ஸ்பொஞ்சு தண்ணிய குடிக்கிற மாதிரி இல்ல. பஸ்ல ஏறி சீட்டுல உக்கார்ற மாதிரி."

"சீட்டு முடிஞ்சிட்டா?"

"அப்ப ஏறுற ஈயம் உக்கார எடமில்லாம அப்படியே அடுத்த பக்கம் எறங்கிரும். கரிய மாத்தணும்."

"சீட்டு முடிஞ்சது எப்பிடித் தெரியும்?"

"அதுக்குத்தான் மாசா மாசம் போத்தல்ல தண்ணி புடிச்சு லெப்புக்கு அனுப்புறேன். தண்ணியப் பாத்து சொல்ல முடியாதுப்பா. ஈயத்துக்கு நெறமும் இல்ல, ருசியும் இல்ல."

பிடித்த ஈயத்தோடு அந்தக் கரி எங்கே போகும் என்றும் கேட்டேன். உன் முகம் மலர்ந்தது. "இத யாருமே கேக்க மாட்டாங்கப்பா" என்று சொல்லி, சிமெந்து பூசிய குழியையும் பூட்டையும் காட்டினாய். அந்த நிமிடத்தில் நாம் இருவரும் ஒரே பக்கம் நின்றோம். நான் அங்கேயே நின்றிருக்கலாம்.

மூன்று நான்கு மாதம் நல்லபடியாகத்தான் போனது. ஒவ்வொரு மாதமும் அறிக்கை வரும், நீ பம்ப் அறைக் கதவில் ஒட்டுவாய். ஒரு வரியில் ஆற்றுத் தண்ணீர், ஈயம் அதிகம். அடுத்த வரியில் வடித்த தண்ணீர், பாதுகாப்பானது. எப்போதும் பாதுகாப்பானது. அந்த 'எப்போதும்'தான் என்னை உறுத்தத் தொடங்கியது. வெள்ளைப் பெட்டிக்காரர்களும் எப்போதும் நல்லது என்றுதானே சொன்னார்கள்? ஒரு நாள் நீ போனில் உன் மேலதிகாரியோடு பேசியது காதில் விழுந்தது. "ரிப்போர்ட் க்ளீனா வந்துரும் சார், நீங்க பயப்படாதீங்க" என்றாய். எனக்கு அது போதுமாக இருந்தது. உன் குறிப்புப் புத்தகத்தை நீ பெட்டியில் பூட்டி வைப்பதும், நான் உள்ளே வரும்போது போனைக் கவிழ்த்து வைப்பதும் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. சந்தேகம் அப்படித்தான் வேலை செய்யும் மகனே. அதற்குத் தீனி போட ஆள் தேவையில்லை, தானே தேடித் தின்னும். நீ போனைக் கவிழ்த்தது அந்தப் பண்டாரவளைப் பெண்ணின் படத்துக்காக என்று அம்மாவுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. க்ளீன் என்றது, முந்தின அறிக்கையில் தேத்தண்ணிக் கறை பட்டு நீ ஏச்சு வாங்கியதற்காக என்றும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அவளிடமும் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கவில்லை.

கேட்காமல் என்ன செய்தேன் என்பதை இப்போது எழுதுகிறேன். இதை வாசிக்கிற எல்லோரும் கவனமாக வாசியுங்கள்.

மழை இல்லாத மாதம் அது. ஆறு மெலிந்திருந்தது. லயங்களில் தண்ணீர் போதவில்லை என்று வழக்கத்தைவிட அதிக நேரம் பம்ப் ஓடியது. நீ வழக்கம் போல மத்தியானத்துக்கு முன்னால் ஆற்றுத் தண்ணீர் ஒன்று, வடித்த தண்ணீர் ஒன்று என்று இரண்டு போத்தல்களை நிரப்பி, பெட்டியில் அடுக்கி, பம்ப் அறையில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனாய். இன்னொரு சாவி என்னிடம் இருந்தது. உள்ளே போய் 'வடித்த தண்ணீர்' என்று உன் கையெழுத்தில் எழுதியிருந்த போத்தலை எடுத்தேன். அதில் இருந்ததை வெளியே தேயிலைச் செடிக்கடியில் ஊற்றினேன். உன் தண்ணீரில் ஒரு சொட்டு மீந்து என் சோதனையைக் கெடுத்துவிடக் கூடாது என்று போத்தலை மூன்று முறை நன்றாகக் கழுவினேன். பிறகு ஆற்றோரமாக மேலே நடந்து, பட்டறைக் கழிவு வந்து விழும் இடத்துக்குக் கீழே தண்ணீர் பிடித்தேன். கலங்கலாக இருந்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்து வடிகட்டினேன். கண்ணாடி மாதிரி தெளிந்து வந்தது. மூடினேன். வைத்தேன். பூட்டினேன்.

என் கணக்கு எளிமையானது. ஈயம் இருக்கிறது என்று அறிக்கை வந்தால் என் மகன் நேர்மையானவன். இல்லை என்று வந்தால் என் மகன் லெப்புக்கு அனுப்பாமல் வீட்டிலிருந்தே அறிக்கை எழுதுகிறவன்.

இடையில் விடுமுறை நாட்கள் வந்ததால் அந்தப் பெட்டி சில நாள் தாமதமாகத்தான் கொழும்பு லெப்புக்குப் போய்ச் சேர்ந்தது. அறிக்கை வந்தது. நீ கதவில் ஒட்டினாய். முதல் வரி, ஆற்றுத் தண்ணீர், ஈயம் அதிகம். இரண்டாவது வரி, வடித்த தண்ணீர், பாதுகாப்பானது. அந்த இரண்டாவது வரியை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. அது என் தண்ணீர். பட்டறைக்குக் கீழே நானே முழங்கால் நனையப் பிடித்த தண்ணீர். அதற்குப் போய்ப் பாதுகாப்பானது என்று எழுதியிருந்தது. நீ பின்னால் வந்து "என்னப்பா, ரிப்போர்ட் பாக்குறீங்களா?" என்றாய். நான் உன் முகத்தைப் பார்க்காமல் பம்பைப் போடப் போனேன். அன்றிலிருந்து உன்னோடு நான் பேசிய வார்த்தைகளை எண்ணிவிடலாம்.

ஊருக்குச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பார்கள். சொல்லவில்லை. சொன்னால் உன் பொய் வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன். உன்னை நம்பவும் இல்லை, உன்னைக் காட்டிக்கொடுக்கவும் மனசு வரவில்லை. தண்ணீரை என்ன செய்தேன்? நம் வீட்டுக்கு மட்டும் தூரத்தில் வேறொரு ஊற்றிலிருந்து ஒரு கேன் தூக்கி வந்தேன். முழங்கால் வலி போக நடக்கச் சொன்னார்கள் என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். மற்ற வீட்டுப் பிள்ளைகள் என்ன குடித்தன என்பதை நான் நினைக்கவில்லை என்று எழுத எனக்கு ஆசை. நினைத்தேன். நினைத்துவிட்டு கேனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த மாத அறிக்கை வந்த அன்று நீ பிள்ளை மடுவத்துக்கு ஓடியது எனக்கு நினைவிருக்கிறது. நடந்து போகவில்லை, ஓடினாய். கரியில் இடம் நிறைந்துபோய் ஈயம் அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கே குழாயைப் பூட்டினாய், கரியை மாற்றினாய், பிள்ளைகளையெல்லாம் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் இரத்தம் எடுக்க வைத்தாய். மூன்று பிள்ளைகளுக்கு இருக்கக் கூடாத அளவு இருந்தது. அதில் அதிகம் ராணியின் மகள் திவ்யாவுக்கு. நம் லயத்தின் கடைசி வீடு. அப்போது அவளுக்கு மூன்று வயது, பேச ஆரம்பித்திருந்த பிள்ளை.

மடுவத்து முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். உன் மேலதிகாரி வந்திருந்தார். போன மாதமே எப்படித் தெரியாமல் போனது என்று ஊர் கேட்டது. நீ எழுந்து நின்று சொன்னாய்.

"போன மாசம் அந்தப் போத்தல்ல நான் அமிலம் விட மறந்துட்டேன். அதனால ரிப்போர்ட் தப்பா வந்துருச்சு. தப்பு என்னோடது."

ராணி எழுந்து உன்னைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத மாட்டேன். நீ தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாய். நான் பின்வரிசையில் நின்றிருந்தேன். அமிலம் என்றால் என்னவென்று எனக்கு விளங்கவில்லை. பெரிய பொய்யை மறைக்கச் சின்னத் தப்பை ஒப்புக்கொள்கிறான் என்றுதான் என் மனம் சொன்னது. வேலை போய், மொனராகலைப் பக்கம் கரும்பாலையில் வேலை கிடைத்து, நீ பையோடு கிளம்பிய அன்று தெமோதரையில் பஸ் ஏற்ற வந்தேன். உன் கையைப் பிடிக்கவில்லை. "போற எடத்துலயாவது உண்மையா இரு" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். "சரிப்பா" என்று சொல்லி ஏறிக்கொண்டாய். உன் அம்மா மூன்று நாள் என் தட்டில் சோறு போடவில்லை. நானே போட்டுத் தின்றேன்.

இரண்டு வருடத்துக்கு மேல் போய்விட்டது. உன் இடத்துக்கு இரண்டு பேர் வந்து போனார்கள். இப்போது நிரஞ்சனி என்று ஒரு பெண் வருகிறாள், பதுளை டவுனில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. எனக்கு ஓய்வு வந்தும் பம்ப் அறைச் சாவி என்னிடமே இருந்தது. ஒரு நாள் காலையில் அவள் பெரலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, உதவி செய்வோம் என்று ஒரு போத்தலை எடுத்துக் குழாயடியில் கழுவப் போனேன்.

"ஐயோ, கழுவாதீங்க ஐயா!" என்று ஓடி வந்தாள். "உள்ள ரெண்டு மூணு சொட்டு அமிலம் விட்டு வச்சிருக்கேன்."

"எதுக்கும்மா?"

"அமிலம் இல்லாட்டி ஈயம் தண்ணியில நிக்காது ஐயா. போத்தல் செவுத்துலயே ஒட்டிக்கும். நாலஞ்சு நாள் கெடந்தா சொல்லவே வேணாம். லெப்புல தண்ணிய மட்டும்தானே பாப்பாங்க, சுத்தம்னு வந்துரும்."

போத்தலை அவளிடம் நீட்டியபடியே கேட்டேன். "தண்ணிய துணியில வடிச்சிருந்தா?"

"அப்ப இன்னும் மோசம். ஆத்துல பாதி ஈயம் மண்ணோடதான் வருது. துணியில மண்ணு போச்சுன்னா ஈயமும் போச்சு. ஏன் ஐயா, யாரும் அப்படிச் செஞ்சாங்களா?"

நான் பம்ப் அறைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்து அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்தத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தேன். நான் கழுவியதும் வடித்ததும்தான் அந்த ஆற்றுத் தண்ணீரைப் பாதுகாப்பானதாகக் காட்டியிருக்கிறது. அறிக்கை பொய் சொல்லவில்லை, என் போத்தல்தான் பொய் சொன்னது. அதுமட்டுமல்ல. நான் தேயிலைச் செடிக்கடியில் ஊற்றினேனே, உன் தண்ணீர், அதுதான் கரி நிறைந்துவிட்டது என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய தண்ணீர். அதை நான் கொட்டினேன். அதனால் திவ்யாவும் மற்றப் பிள்ளைகளும் இன்னொரு மாதம் குடித்தார்கள்.

இரண்டு வாரம் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. பிறகு உன் மாமனார் வந்தார், நான் சொன்னதை மேலே எழுதிவிட்டேன். அவர் போன பிறகு அம்மா அடுப்படியில் நின்றபடியே கேட்டாள், "பெத்த புள்ளய வந்தவங்க முன்னால எறக்கிப் பேசுற அளவுக்கு அவன் என்ன பண்ணினான்?" அவளிடம்தான் முதலில் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "நம்ம வீட்டுக்கு மட்டும் ஊத்துத் தண்ணி தூக்கினீங்களா?" என்று ஒன்றுதான் கேட்டாள்.

மறுநாள் ராணி வீட்டுக்குப் போனேன். திவ்யா இப்போது பாலர் வகுப்புக்குப் போகிறாள். மற்றப் பிள்ளைகளைவிடப் பேச்சு மெதுவாக வருகிறது. இரத்தத்தில் அளவு இறங்கிவிட்டது, போகப் போகப் பார்ப்போம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது ஈயத்தால்தானா என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியவில்லை. நான் வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தேன். ராணி என்னை உள்ளே கூப்பிடவில்லை, கூப்பிடவும் கூடாது.

"இத்தன நாளா கேனத் தூக்கிக்கிட்டு என் வீட்டு வாசல தாண்டித்தானே போனீங்க?" என்றாள். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு, "உங்கள நான் மன்னிக்க மாட்டேன். அத எதிர்பாத்து இந்தப் பக்கம் வராதீங்க. ஆனா உங்க மகன நான் சபையில வச்சு வாய்க்கு வந்தபடி ஏசினேன். அது தப்புன்னு நான் சொன்னதா அவருக்கு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

அதற்கடுத்து பண்டாரவளைக்கு ரயில் ஏறினேன். உன் மாமனார் சந்தையில் லீக்ஸ் மரக்கறிக் கட்டுகளை எண்ணி மூட்டைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். சந்தைச் சத்தத்துக்கு நடுவில் சொன்னேன். கையை நிறுத்தாமல் கேட்டார். கடைசியில் என்னை ஏற இறங்கப் பார்த்து, "மகனுக்குக் கல்யாணம் நடக்கணும்னு பழிய நீங்க தூக்கிக்கிறீங்களோன்னு எனக்குத் தோணுது" என்றார். நியாயமான சந்தேகம். ஆனால் அவர் அதை என் முகத்துக்கு நேராகக் கேட்டார் பார், அதைத்தான் என் வாழ்நாள் முழுக்க நான் செய்யவில்லை. "நிரஞ்சனின்னு ஒரு பொண்ணு இருக்குங்க, அவங்ககிட்ட பழைய பைல் இருக்கும், பாருங்க" என்றேன். "பாப்பேன். நீங்களும் எல்லாத்தையும் எழுதிக் குடுங்க. வாய்ப் பேச்ச நான் எடுத்துக்க மாட்டேன்" என்றார். உன் மாமனாரை எனக்குப் பிடித்துவிட்டது.

சொன்னபடியே அவர் வந்தார். நிரஞ்சனி பழைய பைலை எடுத்தாள். நானும் பக்கத்தில் நின்றேன். மகனே, அங்கே நான் பார்த்த ஒன்றை உன்னிடம் கேட்கத்தான் இவ்வளவு தூரம் எழுதி வந்திருக்கிறேன். நீ வேலையை விட்டபோது ஒப்படைத்த குறிப்புப் புத்தகத்தில் அந்த நாளுக்குரிய பக்கத்தில் ஒவ்வொரு போத்தலுக்கும் நேராக 'அமிலம் விட்டது' என்று எழுதி நீ சரி போட்டிருக்கிறாய். இரண்டு போத்தலுக்கும் இரண்டு சரி. பிரச்சினை வந்த பிறகு கேட்டு வாங்கிய லெப் தாளில், வந்து சேர்ந்த போத்தல்களில் ஒன்றில் மட்டும் அமிலம் இல்லை என்று குறித்திருக்கிறார்கள். அதன் ஓரத்தில், பிறகு வேறு பேனையால், உன் கையெழுத்து. 'என் மறதி.' உன் மாமனார் இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நீ மறக்கவில்லை. அமிலம் விட்டது உனக்குத் தெரியும். அப்படியானால் அந்தப் போத்தலை யாரோ கழுவியிருக்கிறார்கள் என்பதும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பம்ப் அறைக்கு இரண்டு சாவிதான். ஒன்று உன்னிடம்.

என் வாழ்க்கையில் நான் பட்ட சந்தேகங்களில் அநேகமானவை பொய்யாய்ப் போயின. இது ஒன்றாவது பொய்யாகப் போகாதா என்று இப்போது ஏங்குகிறேன். கூட்டத்தில் எழுந்து நின்றபோது உனக்குத் தெரியுமா? ராணி ஏசும்போது பின்வரிசையில் நான் நிற்பதைப் பார்த்துக்கொண்டுதான் நீ தலையைக் குனிந்தாயா? பஸ் வாசலில் நான் உனக்கு உண்மையைப் பற்றிப் புத்தி சொன்னபோதும் தெரியுமா?

உனக்குக் கல்யாணம் ஆகப் போகிறது. அப்பா என்ற முறையில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். சந்தேகம் வந்தால் வாயைத் திறந்து கேள், மறைந்து நின்று சோதிக்காதே. யாரையும் காப்பாற்றுகிறேன் என்று அவர்கள் தப்பை உன் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்ளாதே. முதலாவது நான் செய்தது. இரண்டாவது நீ செய்தாய் என்று சந்தேகப்படுகிறேன். இரண்டுக்கும் இடையில்தான் அந்தப் பிள்ளைகள் தண்ணீர் குடித்தார்கள்.

சாவியை நிரஞ்சனியிடம் கொடுத்துவிட்டேன். வருகிற ஞாயிறு காலை மடுவத்து முற்றத்தில் இந்தக் கடிதத்தை என் வாயாலேயே வாசிக்கப் போகிறேன். ராணி வருவதாகச் சொல்லியிருக்கிறாள். உன் மாமனாரும் வருவார். நீயும் வா. வந்து, எல்லோருக்கும் முன்னால், என்னிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேள். உரத்த குரலில் கேள். இந்தமுறை நான் முன்வரிசையில் நிற்பேன்.

உன் அப்பா